நாக்குமீன்

ஏழரைக்கு வந்தார்கள், தனித்தனியாக.
அவள் முதலில். நனைந்த பூட்ஸை
வேண்டியதற்கு மேல் இரண்டு முறை மிதியடியில் தேய்த்தாள்.
அவன் எட்டு நிமிடம் கழித்து,
ஆற்றுப்பக்கக் கதவு வழியாக.
குளிர்காலத்தில் யாரும் அதைத் திறப்பதில்லை.
குளிரும் அவன் கூடவே நுழைந்து
பக்கத்து மேசை நாப்கினைப் புரட்டிப் பார்த்தது.

பதினேழாம் மேசை, ஜன்னலோரம்.
கீழே செயின்ட் லாரன்ஸ் ஆற்றில்
மார்ச் மாதப் பனிக்கட்டிகள்
ஒன்றையொன்று இடித்தபடி கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன.
முன்பதிவில் இருந்த குறிப்பு:
ஜெர்வே. இருவர். திருமண நாள்.
முன்பணம் கட்டியாயிற்று, திருப்பித் தரப்படாது.

என் பெயர் ஒஸ்னேல்.
மான்ட்ரியாலில் இந்த பிராசரிக்குள் பதினோரு குளிர்காலம்.
கணுக்கால்வரை வெள்ளை ஏப்ரன் கட்டி,
காதலைச் சொல்பவர்களையும் கடன் கேட்பவர்களையும்
ஒரே குனிவில் கடந்துபோகத் தெரியும்.
சேர்ந்து வாழ்கிறவர்கள் ரொட்டி தின்பது எப்படி என்றும் தெரியும்:
ஒருவர் பிட்டு வைத்ததை மற்றவர் கேட்காமல் எடுப்பார்.
இவர்கள் ஆளுக்கொரு கூடை கேட்டார்கள்.

சிப்பிகள் பன்னிரண்டு, நொறுக்கிய ஐஸின் மேல்.
ஆறு, ஆறு என்று அவளே எண்ணிப் பிரித்தாள்.
தன் பங்கில் பெரியதை அவன் பக்கம் தள்ளினாள்,
பிறகு எதையோ நினைத்துக்கொண்டு
திரும்ப இழுத்துக்கொண்டாள்.

அடுத்தது நாக்குமீன்.
வெண்ணெயில் பொன்னிறமாக, இருவருக்கும் ஒன்று.
மேசையருகில் நின்று முள்ளெடுப்பது என் வேலை.
நரம்பில்லாத நாக்கு என்பார்கள்;
இந்த நாக்குக்குத் தலைமுதல் வால்வரை முள்.
கரண்டி விளிம்பால் நடுவே ஒரு கோடு.
சதையை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் விலக்கி
வாலைப் பிடித்துத் தூக்கினால்
சீப்பு மாதிரி முழுசாக வரவேண்டும்.
வந்தது, ஒரு பல் முறியாமல்.

"இவ்வளவு சுலபமா" என்றான் அவன், மீனைப் பார்த்து.
"நமக்கு ஆளுக்கொரு வக்கீல் தேவைப்பட்டது" என்றாள் அவள்.
"கையெழுத்து மத்தியானம்தான். பேனா உன்னிடமா இருக்கிறது?"
இருந்தது. சட்டைப்பையில்.

சமையலறைக்கு ஓடினேன். தாமதம்.
போன வாரம் சேர்ந்த க்ளோதில்ட்
முகம் நிறையச் சிரிப்பும்
கேக்கின் மேல் ஒற்றை மெழுகுவர்த்தியுமாக
என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.
நாலு மேசைகள் கைதட்டின.
பதினெட்டில் தனியாக இருந்த கிழவர்
எழுந்தே நின்றுவிட்டார்.

கைதட்டலை என்ன செய்வது?
கணக்கில் தவறுதலாக விழுந்த பணத்தைப் போல
இருவரும் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அவள் ஊதினாள். சுடர் சாய்ந்து நிமிர்ந்தது.
அவன் ஊதவில்லை.

"மன்னிக்க வேண்டும்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி,
"இது பதினெட்டாம் மேசைக்கு வரவேண்டியது."
தட்டை எடுத்துக் கிழவர் முன்னால் வைத்தேன்.
நின்றபடியே ஒரு கணம் என்னைப் பார்த்தார்,
அப்புறம் மெழுகுவர்த்தியை.
ஒரே மூச்சு. அணைந்தது.
எதற்கு என்று கேட்கவே இல்லை,
உட்கார்ந்து ஸ்பூனை எடுத்துக்கொண்டார்.

பதினேழில் சிரிப்புச் சத்தம்.
யார் முதலில் என்று தெரியவில்லை;
திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது தொழில் தர்மம்.

பில்லைப் பாதிப்பாதி போடச் சொன்னார்கள்.
தொகையின் கடைசி இலக்கம் ஏழு.
மிஞ்சிய ஒரு சென்ட் யார் கார்டில் என்று இயந்திரம் கேட்டது.
"என்னுடையதில் போடுங்கள்" என்றாள்.
"வேண்டாம், என்னுடையதில்."
"எப்பவும் இப்படித்தான் நீ, ரெஜான்."
"எப்பவும் எப்படி?"
அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.
2014, கியூபெக் நகரம், பார்க்கிங் மீட்டர்...

அன்று இரவு முதல்முறையாக
கல்யாணமானவர்கள் மாதிரி இருந்தார்கள்.
நான் இயந்திரத்தைக் கையில் பிடித்தபடி நின்றேன்.
வெளியே ஒரு பெரிய பனிக்கட்டி பாலத்தூணில் மோதி,
நின்று,
மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.